ரிஃப்ரெஷ் போட்டும் பழசே வருதா? ஓஆர்எம் ஸெஷன் கேள்வி-பதில்

ஓஆர்எம்னா டேட்டாபேஸ் ரோவை கோட்ல ஆப்ஜெக்ட்டா மாத்திக் குடுக்கற லைப்ரரி, பலதுல அது டேட்டாபேஸோட பேசறது ஸெஷன் வழியா. இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: டேட்டாபேஸ்ல மாறிடுச்சு, கோட்ல பழசே வருது. எழுதறவங்க எந்த ஓஆர்எம், எந்த டேட்டாபேஸ், ஐசொலேஷன் லெவல் (மத்தவங்க செஞ்ச மாற்றம் உங்களுக்கு எப்ப தெரியும்ங்கற அமைப்பு) என்ன, இந்த மூணையும் தயவுசெஞ்சு போடுங்க.

கே: எஸ்க்யூஎல்அல்கெமி (பைத்தான் ஓஆர்எம்), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எக்கோ (ஓடற குவெரியை லாக்ல காட்டற ஆப்ஷன்) ஆன் பண்ணி பாத்தேன், செலக்ட் டேட்டாபேஸுக்கு போகத்தான் செய்யுது, ஆனா ஆப்ஜெக்ட்ல பழைய ஸ்டேட்டஸ். கேஷ்னா குவெரியே போகக்கூடாதே?

லாக் பாத்துட்டு கேட்டீங்க பாருங்க, சந்தோஷம். ஐடென்டிட்டி மேப் (ஸெஷன் லோட் பண்ண ஆப்ஜெக்ட்டை ப்ரைமரி கீ வாரியா வச்சிருக்கற பட்டியல்) இந்த மாதிரி செலக்ட் குவெரியை நிறுத்தாது. ரோ வரும், ப்ரைமரி கீயை பாக்கும், 42-ம் நம்பர் ஆர்டர் ஏற்கனவே ஸெஷன்ல லோட் ஆகியிருந்தா அந்த ஆப்ஜெக்ட்டையே திருப்பி குடுக்கும், புதுசா வந்த மதிப்பையெல்லாம் விட்டுடும். நீங்க மாத்தி வச்சிருக்கறதை அழிச்சிடக்கூடாதுன்னு வேணும்னே செஞ்சதுதான். புது மதிப்பு வேணும்னா, ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு ரிஃப்ரெஷ், குவெரில வர்ற எல்லாத்துக்கும்னா பாப்புலேட் எக்ஸிஸ்டிங் ஆப்ஷன். சந்தேகம் இருந்தா ஸ்டேட்டஸ் ஃபீல்டை மட்டும் தனியா செலக்ட் பண்ணி பாருங்க, புது மதிப்பு வந்து நிக்கும்.

கே: ரிஃப்ரெஷ் போட்டேன், அப்பவும் பழசு. மைஎஸ்க்யூஎல்.

இது ஓஆர்எம் தப்பே இல்ல. மைஎஸ்க்யூஎல்லோட ஸ்டோரேஜ் இன்ஜின் இன்னோடிபில டிஃபால்ட் ஐசொலேஷன் லெவல் ரிப்பீட்டபிள் ரீட், அந்த ட்ரான்ஸாக்‌ஷன்ல முதல் செலக்ட் ஓடினப்ப எடுத்த ஸ்னாப்ஷாட்டைத்தான் (அந்த நேரத்து டேட்டாவைத்தான்) கடைசி வரைக்கும் காட்டும், நீங்க நூறு தடவை ரிஃப்ரெஷ் பண்ணாலும் அதேதான். கமிட் (மாற்றத்தை உறுதி செய்யறது) இல்லாட்டி ரோல்பேக் (ரத்து செய்யறது) பண்ணிட்டு படிங்க. போஸ்ட்கிரெஸ்ல டிஃபால்ட் ரீட் கமிட்டட், ஒவ்வொரு செலக்டும் அதுவரைக்கும் கமிட் ஆனதை காட்டும், அதனால அங்க இந்த தொல்லை கிடையாது. டேட்டாபேஸ் பேரை எழுதுங்கன்னு நான் கெஞ்சறது இதுக்குத்தான்.

கே: ஓஆர்எம்ல பக், வேல்யூ அப்டேட் ஆகல, அர்ஜென்ட்.

எந்த ஓஆர்எம்? எந்த டேட்டாபேஸ்? எழுதினது கமிட் ஆச்சா? பாத்துட்டு திரும்ப எழுதுங்க.

கே: ஸ்ப்ரிங் டேட்டா (ஜாவா). மாடிஃபையிங் அனொடேஷன் போட்ட குவெரில அப்டேட் பண்ணிட்டு ஃபைண்ட் பை ஐடி கூப்பிட்டா பழசு வருது.

பல்க் அப்டேட் நேரா டேட்டாபேஸுக்கு போகுது, பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டுக்கு (லோட் ஆன ஆப்ஜெக்ட்டை வச்சிருக்கற ஜாவா பக்கத்து ஸெஷன்) அது தெரியவே தெரியாது. க்ளியர் ஆட்டோமேட்டிக்கலியை ட்ரூ ஆக்குங்க, கூடவே ஃப்ளஷ் ஆட்டோமேட்டிக்கலியும் (ஃப்ளஷ்னா ஆப்ஜெக்ட்ல மாத்தினதை டேட்டாபேஸுக்கு அனுப்பறது), இல்லன்னா ஃப்ளஷ் ஆகாம கிடக்கற மாற்றம் க்ளியர்ல காணாம போயிடும்.

கே: வொர்க்கர் (பின்னணில ஜாப் செய்யற ப்ரோக்ராம்) நாள் முழுக்க ஓடுது, மாட்யூல் மேலயே ஒரு ஸெஷன் வச்சிருக்கோம். பழைய டேட்டா வருதுன்னு லூப்ல ஒவ்வொரு தடவையும் எக்ஸ்பயர் ஆல் போடறோம். சரிதானே?

சரியில்ல. எத்தனை தடவைதான் எழுதறது, ஸெஷனை குளோபலா வைக்காதீங்க, வைக்காதீங்க. ஸெஷன்ங்கறது கேஷ் இல்ல, ஒரு வேலையோட ட்ரான்ஸாக்‌ஷன் எல்லை. எக்ஸ்பயர் ஆல் (ஸெஷன்ல இருக்கற எல்லாமே காலாவதின்னு குறிக்கறது) என்ன செய்யும்னு பாருங்க: ஃப்ளஷ் பண்ணாம வச்ச மாற்றத்தை சத்தமில்லாம தூக்கி போட்டுடும், எரர்கூட வராது. அடுத்து ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் தொடறப்ப தனித்தனியா ஒரு செலக்ட், ஐநூறு ஆப்ஜெக்ட்னா ஐநூறு செலக்ட். இவ்வளவும் செஞ்சு ட்ரான்ஸாக்‌ஷன் முடியலைன்னா மைஎஸ்க்யூஎல்ல மறுபடியும் அதே பழைய ஸ்னாப்ஷாட்தான். போஸ்ட்கிரெஸ்ல இருந்தா பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியை (எந்த கனெக்ஷன் என்ன செய்யுதுன்னு காட்டற வியூ) திறந்து பாருங்க, உங்க கனெக்‌ஷன் ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்னு வேலை இல்லாம ட்ரான்ஸாக்ஷனை திறந்து வச்சு உக்காந்திருக்கும், யாராவது அந்த டேபிள்ல ஆல்டர் (டேபிள் அமைப்பை மாத்தற கட்டளை) போட்டா அது லாக்குக்கு காத்து நிக்கும், அதுக்கு பின்னாடி வர்ற சாதாரண செலக்ட்கூட க்யூவுல மாட்டும். ஒருத்தரோட குளோபல் ஸெஷனால மொத்த சைட்டும் நிக்கறது இப்படித்தான்.

இன்னொண்ணு, சிலசமயம் புதுசு வருது சிலசமயம் பழசு வருதுன்னு மூணு பேர் எழுதியிருக்காங்க. எஸ்க்யூஎல்அல்கெமில ஐடென்டிட்டி மேப் வீக் ரெஃபரன்ஸ்தான் (ஆப்ஜெக்ட்டை உயிரோட பிடிச்சு வைக்காத குறிப்பு) வச்சிருக்கும், அந்த ஆப்ஜெக்ட்டை வேற எந்த வேரியபிளும் லிஸ்டும் பிடிச்சு வைக்கலைன்னா அது மேப்லேர்ந்து போயிடும், அடுத்த குவெரில புதுசா கட்டும். அதனாலதான் உங்க மெஷின்ல சின்ன டெஸ்ட்ல சரியா வந்துட்டு ப்ரொடக்‌ஷன்ல சொதப்புது.

செய்ய வேண்டியது சின்னது. ஒரு ஜாப் வந்தா வித் போட்டு ஸெஷனை திற, வேலையை முடி, கமிட், மூடு. ஸெஷன் திறக்கறது செலவுன்னு பயப்படாதீங்க, அது வெறும் பைத்தான் ஆப்ஜெக்ட், கனெக்‌ஷன் பூல்லேர்ந்து (ஏற்கனவே திறந்து வச்ச கனெக்ஷன் தொகுப்பு) வருது, டிஃபால்ட்டாவே அஞ்சு வரைக்கும் மூடாம வச்சிருக்கும். த்ரெட் இருந்தா த்ரெட்டுக்கு ஒரு ஸெஷன், பங்கு போடவே கூடாது.

கே: எக்ஸ்பயர் ஆன் கமிட்டை ஃபால்ஸ் ஆக்கலாமா?

கமிட் ஆனதும் எல்லா ஆப்ஜெக்ட்டையும் காலாவதி ஆக்கற எஸ்க்யூஎல்அல்கெமி ஆப்ஷன் இது. அஸின்க்ல (காத்து நிக்காம ஓடற கோட்ல) ஃபால்ஸ் ஆக்கித்தான் ஆகணும், இல்லன்னா கமிட்டுக்கு அப்புறம் ஃபீல்டை தொட்டதும் மிஸ்ஸிங் க்ரீன்லெட் எரர் வரும். ஆனா அப்ப பழசை தூக்கி போட ஆளே இல்ல, ஸெஷனை சீக்கிரம் மூடினாத்தான் பொழைச்சீங்க. குளோபல் ஸெஷனோட இதை சேக்காதீங்க.

கே: ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஓஆர்எம்முக்கு ஸெஷனே இல்லையே, அப்ப பிரச்சனை இல்லதானே?

இருக்கு. ஒரே ரோவை ரெண்டு தடவை கெட் பண்ணா ரெண்டு தனித்தனி ஆப்ஜெக்ட். பழசு கையில இருக்கறப்ப ஸேவ் பண்ணா எல்லா ஃபீல்டையும் சேத்து எழுதும், இன்னொருத்தர் மாத்தினது போச்சு. எந்த ஃபீல்டை மட்டும் எழுதணும்னு அப்டேட் ஃபீல்ட்ஸ்ல குடுங்க, எண்ணிக்கைன்னா எஃப் எக்ஸ்ப்ரெஷன் (கணக்கை டேட்டாபேஸே செய்யும்). படிக்கறதுக்கு ரிஃப்ரெஷ் ஃப்ரம் டிபி இருக்கு.

கே: ஸ்டாக்கை குறைக்கறதுக்கு முன்னாடி ரிஃப்ரெஷ் பண்ணிட்டா போதுமா?

போதாது. ரிஃப்ரெஷுக்கும் கமிட்டுக்கும் நடுவுல இன்னொருத்தர் வந்துடுவார். ஸ்டாக் பூஜ்யத்துக்கு மேல இருந்தா ஒண்ணு குறைன்னு ஒரே அப்டேட்ல எழுதி, எத்தனை ரோ மாறிச்சுன்னு பாருங்க, பூஜ்யம்னா சரக்கு இல்ல. இல்லன்னா வெர்ஷன் ஃபீல்டு (ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறற எண், பழசை வச்சு எழுதினா காட்டிக்குடுக்கும்) வைங்க, அதுவும் முடியலைன்னா செலக்ட் ஃபார் அப்டேட் (படிக்கறப்பவே ரோவை லாக் பண்றது), ஆனா எஸ்க்யூஎல்அல்கெமில அதுகூட பாப்புலேட் எக்ஸிஸ்டிங்கையும் போடுங்க, இல்லன்னா ரோவை லாக் பண்ணி வச்சுட்டு பழைய எண்ணைத்தான் கழிப்பீங்க.