“ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது” என்கிறார் ஏஜென்ட்: ஊட்னடாட்டா மண்சாலையில் இறங்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். கணவர், நான், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார் என ஐந்து பேர். ஜூலை பள்ளி விடுமுறையில் அடிலெய்டுக்கு விமானத்தில் போய், அங்கே ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாடகைக்கு எடுத்து, ஊட்னடாட்டா மண்சாலை வழியாக லேக் ஏர் உப்பு ஏரியைப் பார்த்துவிட்டு, உலுரு பாறை வரை கூடாரம் அடித்துத் தங்கிக்கொண்டே போக ஆசை. நண்பர்கள் மூலம் அறிமுகமான ஏஜென்ட் ஒருவர் கூடாரத்துடன் ஏழு இருக்கை வண்டியை மலிவாகத் தருகிறேன் என்கிறார். “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்” என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். நம்பலாமா? சாட்டிலைட் போன் வாங்க வேண்டுமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வண்டி தாங்குமா என்பது உங்கள் கவலை. மழை இல்லாத ஜூலையில் அந்தச் சாலையைச் சாதாரண கார்களும் கடந்துவிடுகின்றன. மெரீயிலிருந்து மார்லா வரை சுமார் 615 கிலோமீட்டர் மண்ணும் சரளையும். 1980இல் மூடப்பட்ட பழைய ‘கான்’ ரயில் பாதையை ஒட்டியே போகிறது. நிதானமாக ஓட்டுகிறவருக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. உங்கள் நண்பர் எவராவது “நான் கேம்ரி காரிலேயே போய் வந்தேன்” என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. அவர் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தை அவர் படித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். ஒன்றும் நடக்காமல் திரும்பிவிட்டால் ஒப்பந்தத்தை யாரும் புரட்டுவதில்லை.

ஆஸ்திரேலியாவில் வாடகை வண்டிகளின் ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு விதி இருக்கிறது: தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் பல ஒப்பந்தங்களில் இதே விதிதான். வண்டியின் பின்னால் ‘4×4’ என்று ஒட்டியிருப்பது அது எங்கே போகக்கூடும் என்பதைச் சொல்லும், எங்கே போக உங்களுக்கு அனுமதி என்பதைச் சொல்லாது. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று மூன்று பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, பத்தொன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இதைச் சொல்வார்கள். அங்கே போய் வண்டி உருண்டால் பழுதுச் செலவு முழுவதும், சில சமயம் வண்டியின் முழு விலையும், கையெழுத்துப் போட்டவர் தலையில்தான்.

இப்போது உங்கள் ஏஜென்டுக்கு வருவோம். அவர் இரண்டு வகையில் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

ஒரு வகையினர், நிறுவனம் ஒன்றில் வண்டியை முன்பதிவு செய்து மேலே தங்கள் கமிஷனை வைத்து உங்களிடம் விற்பவர்கள். இதில் ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட் பெயரில் இருந்து, ஓட்டுநர் பட்டியலில் உங்கள் கணவர் பெயர் இல்லாவிட்டால், தார்ச்சாலையிலேயே இடித்தாலும் காப்பீடு இல்லை. “நான் பேசிக்கொள்கிறேன்” என்பார். யாரிடம் பேசிக்கொள்வார்?

இரண்டாம் வகையினர் இன்னும் மோசம். சொந்த வண்டிக்குக் குடும்ப உபயோகத்திற்கென்று காப்பீடு எடுத்துவிட்டு, விடுமுறை நாள்களில் அதை வாடகைக்கு விடுகிறவர்கள். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழை அவர் உங்களுக்குக் காட்டவும் செய்வார். அது உண்மையான சான்றிதழாகவும் இருக்கும். ஆனால் வாடகைக்கு விடுவதாக நிறுவனத்திடம் சொல்லாமல் வாங்கிய காப்பீடு, வாடகைக்காரர் இடித்த அன்றைக்கு உதவாது. உங்கள் விஷயத்தில் விலை மலிவு, கூடாரம் இலவசம், முன்பணம் ரொக்கமாக என்றால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. நம் ஊர்க்காரர், கோயிலில் பார்த்த முகம் என்பதற்காகக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வண்டியின் பதிவு எண்ணையும், ஒப்பந்தத்தின் முழு நகலையும் கேளுங்கள். தர இழுத்தடித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றி நீட்டிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லா ஏஜென்டுகளும் இதைத்தான் எடுத்து வீசுகிறார்கள். உள்ளேயே தூங்கிச் சமைக்கும் முகாம் வண்டிகளின் (கேம்பர்வேன்) ஒப்பந்தங்கள் பலவற்றில், அங்கீகரிக்கப்பட்ட முகாம் இடத்துக்குச் செல்லும் நல்ல நிலையிலுள்ள மண்சாலை 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓட்டலாம் என்றிருக்கும். இதைச் சுருக்கி “மண்சாலையும் கவர் ஆகும்” என்கிறார்கள். கவனமாகப் படியுங்கள். அந்தச் சாலை தார்ச்சாலையில் தொடங்கி முகாம் இடத்தில் முடிய வேண்டும். காட்சி முனைக்குப் போகும் சாலைக்கு இது பொருந்தாது. அது நான்கு கிலோமீட்டர்தான் என்றாலும் பொருந்தாது. குறுக்கு வழிக்கும் பொருந்தாது. 12 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அங்கே ஒரு முகாம் இடம் இருப்பதால் அங்கிருந்து இன்னொரு 12 என்று கணக்குப் போட முடியாது. ‘நல்ல நிலை’ என்பதை யார் முடிவு செய்வார்கள்? விபத்துக்குப் பிறகு வாடகை நிறுவனத்தார்தான். ஊட்னடாட்டா சாலையில் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாம் இடம் அருமையானது, வெதுவெதுப்பான ஊற்றுக் குளம் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்குப் போகும் வழியெல்லாம் மண். அந்த விலக்கு உங்களுக்கு அங்கே ஒரு அடிகூட உதவாது.

உதவுவது ஒன்றே: எழுத்து மூலமான அனுமதி. தொலைதூரப் பயணத்துக்கென்றே வண்டி விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில, குறிப்பிட்ட சாலைகளுக்கு முன்கூட்டியே கேட்டால் அனுமதி தரும். அதில் சாலையின் பெயர் இருக்க வேண்டும். ஊட்னடாட்டா சாலைக்கு அனுமதி வாங்கிவிட்டு, அதன் நடுவே இருக்கும் வில்லியம் கிரீக்கிலிருந்து கூபர் பீடிக்கு மண்வழியாக 166 கிலோமீட்டர் போனால் அது வேறு சாலை. ஏரிக்கரைக்கு, ஹாலிகன் விரிகுடாவுக்கு இறங்கும் தடமும் வேறு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பல வாடகை வண்டிகளில் இருக்கும் ஜிபிஎஸ் நீங்கள் எங்கே போனீர்கள் என்பதைப் பதிவு செய்துகொண்டேதான் இருக்கும்.

அனுமதி கிடைத்தாலும் கூரை, வண்டியின் அடிப்பாகம், டயர், தண்ணீர் புகுந்த சேதம் ஆகியவை வழக்கமாகக் காப்பீட்டில் வராது. ஊருக்கு வெளியே இருட்டிய பின் ஓட்டுவதையும் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. ஜூலையில் அங்கே மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரமும் அதுதான். நான்கு மணிக்குக் கூடாரம் அடித்துவிடுங்கள். விபத்தில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை ஈடுகட்டுவதாக விமான டிக்கெட்டுடன் சேர்த்து விற்கப்படும் ‘எக்ஸஸ்’ காப்பீடும் ஒப்பந்தத்தை மீறியவருக்குப் பணம் தராது.

நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவில் அபராதமே உண்டு. சட்டம் வந்தது, ஒப்பந்தத்தின் பக்கங்கள் குறைந்தபாடில்லை. “இந்த வண்டி இந்தச் சாலைகளில் போகலாம், இவற்றில் போகக் கூடாது” என்று முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதுவதற்கு எந்த நிறுவனத்துக்கு என்ன கேடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான்கு வயது மகனுக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். அதை முன்நோக்கிய இருக்கையில்தான் பொருத்த முடியும், பெரும்பாலும் மேல் பட்டையை மாட்டும் கொக்கியும் வேண்டும். முகாம் வசதி செய்த சில வண்டிகளில் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் இருக்கும், அங்கே பொருத்த முடியாது. ஏழு இருக்கை என்றால் மூன்றாம் வரிசையில் அந்தக் கொக்கி இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கூடாரம் வண்டிக் கூரையில் விரிகிற வகையா என்றும் கேளுங்கள். நள்ளிரவில், பாலைவனக் குளிரில், சேலையோடு அந்த ஒல்லி ஏணியில் பின்னோக்கி இறங்கிக் கழிப்பறைக்குப் போக உங்கள் மாமியாரால் முடியுமா? தரையில் அடிக்கும் கூடாரம் ஒன்றும், முழங்கால் உயரத்துக்கு ஒரு மடக்குக் கட்டிலும் அவருக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் அந்தச் சாலை களிமண்ணாகிவிடும், அரசு மூடிவிடும். மூடிய சாலையில் ஓட்டுவது குற்றம், அபராதமும் கடுமையானது. சாலை நிலையைத் தெற்கு ஆஸ்திரேலிய அரசின் தளத்தில் பார்க்கலாம். வட பிரதேச (நார்தர்ன் டெரிட்டரி) எல்லையைத் தாண்டினால் வேறு தளம், பூங்காக்களுக்கு மற்றொன்று, பழங்குடியினர் நிலங்களுக்கான அனுமதிக்கு வேறொரு அலுவலகம். ஒரே பயணிக்கு இத்தனை கதவுகள். சாலை திறக்கும்வரை நாள்கணக்கில் வில்லியம் கிரீக்கில் உட்கார்ந்திருந்தால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். “அரசு மூடிய சாலை” என்று சொன்னால் நிறுவனம் தள்ளுபடி தராது. ஆகவே கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட் போன் வேண்டாம். ‘பிஎல்பி’ எனப்படும் அவசர சமிக்ஞைக் கருவி ஒன்று போதும். உள்ளங்கையில் அடங்கும். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு உங்கள் இடம் தெரிந்துவிடும். அரசின் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். மாதக் கட்டணம் எதுவும் இல்லை. வாடகைக்கு எடுத்தாலும் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் அதை அழுத்த வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பது அவர்கள் வேலை அல்ல, அதற்குத் தனியாரை அழைத்தால் செலவு ஆயிரக்கணக்கான டாலரில் போகும்.

குடிநீர், சமையல், கைகழுவல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் கணக்கு வையுங்கள். ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். டயர் காற்றைச் சரளைக்கு ஏற்பச் சற்றுக் குறையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பது வண்டியையும் சுமையையும் பொறுத்தது, வண்டி எடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். காற்று நிரப்பும் சிறு பம்பும், இரண்டு உபரிச் சக்கரங்களும் வண்டியில் இருக்கின்றனவா என்று நேரில் திறந்து பாருங்கள்.

வண்டி சிக்கினால் அதைவிட்டு நடக்காதீர்கள். 1998 டிசம்பரில் ஹாலிகன் விரிகுடா அருகே ஆஸ்திரியச் சுற்றுலாப் பயணிகள் இருவரின் வண்டி மணலில் சிக்கியது. வெளியேறி நடந்த பெண் வழியிலேயே இறந்தார், வண்டிக்குத் திரும்பிவிட்ட துணைவர் பிழைத்தார். அது கொதிக்கும் கோடை, உங்கள் பயணம் குளிர்காலம். ஆனாலும் மேலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதரைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும்.

இத்தனைக்கும் பிறகு அனுமதியே கிடைக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா வரை போய், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பீடி, மார்லா, எர்ல்டுண்டா, அங்கிருந்து மேற்கே திரும்பி உலுரு: முழுவதும் தார்ச்சாலை, சாதாரண வண்டியே போதும். இரவு கூபர் பீடியில் பூமிக்கடியில் குடைந்த அறைகளில் தங்கலாம். அங்கிருந்தே ஏரிக்கு மேலாகச் சிறு விமானம் பறக்கிறது. ஏரியின் வடிவம் கரையில் நின்று பார்ப்பதைவிட மேலிருந்துதான் சரியாகத் தெரியும், மாமியாருக்கும் அது எளிது.

ஏஜென்டுக்குத் தொலைபேசியில் பேசாமல் மின்னஞ்சலாக இதை மட்டும் அனுப்புங்கள்: “வண்டியின் உரிமையாளர் யார்? ஒப்பந்தத்தில் ஓட்டுநராக என் கணவர் பெயர் இருக்கிறதா? மெரீ முதல் மார்லா வரையிலான ஊட்னடாட்டா சாலையில் இன்ன தேதிகளில் ஓட்டக் காப்பீட்டுடன் கூடிய அனுமதியை வாடகை நிறுவனத்தின் கடிதத்தாளில் தர முடியுமா?” ஒரு வாரம் பாருங்கள். பதிலுக்குப் பதில் “எல்லோரும் போகிறார்கள், பயப்படாதீர்கள்” என்று வந்தால், தார்ச்சாலைப் பயணத்துக்கு வேறு இடத்தில் வண்டியைப் பதிவு செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறை என்பதால் ஜூலை வண்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.