மகளை மச்சிலிருந்து இறக்குங்கள்

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். மற்ற பாடமெல்லாம் பரவாயில்லை, இங்கிலீஷ்தான் உதைக்கிறது. காலாண்டில் 43 மார்க். ஒரு மார்க் கேள்வி 14-ல் 5தான் சரி. தினமும் 20 வார்த்தை, ஒவ்வொன்றையும் 10 தடவை எழுதுகிறாள். ராத்திரி பத்து மணி வரை எழுதியும் மறுநாள் கேட்டால் முழிக்கிறாள். மாதம் 800 ரூபாய் கட்டி டியூஷனுக்கும் அனுப்புகிறோம். கீழே தார்சாவில் உட்கார்ந்து படித்தால், பீடி சுற்றிக்கொண்டிருக்கும் எங்க அம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘அப்படின்னா என்னட்டி?’ என்று கேட்டுத் தொந்தரவு பண்ணுவார்கள். அதனால் மச்சில் தனியாக மேசை போட்டுக் கொடுத்திருக்கிறோம். நானும் மனைவியும் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்போம், அவ்வளவுதான். ஞாபகசக்திக்கு லேகியம் ஏதாவது உண்டா? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: அண்ணாச்சி, லேகியத்தை விடுங்கள். மார்க், ரூபாய், மணிக்கணக்கு எல்லாம் சரியாக எழுதிவிட்டு, நடுவில் போகிற போக்கில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி எனக்கு வாசிக்க ஓடவில்லை.

‘அப்படின்னா என்னட்டி?’ பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் வினாத்தாளின் முதல் 6 கேள்விகளும் இதைத்தான் கேட்கின்றன. முதல் 3-ல் அதே பொருள் தரும் சொல்லைக் கேட்பார்கள், அடுத்த 3-ல் எதிர்ச்சொல்லை. அரசு பரீட்சைக்கு வைத்திருக்கும் அதே கேள்வியை உங்கள் வீட்டில் ஒருவர் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, கைவேலையும் நிற்காமல், காசும் வாங்காமல் தினமும் கேட்டிருக்கிறார். அவரைத் தொந்தரவு என்று கீழே விட்டுவிட்டுப் பிள்ளையை மேலே ஏற்றிவிட்டீர்கள். டியூஷனுக்கு 800 ரூபாய், அம்மாவுக்கு மூடின கதவு. நல்லா இருக்கு அண்ணாச்சி.

இன்னொரு கணக்கும் பாருங்கள். அந்த 14 கேள்விக்கும் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒன்றுமே படிக்காத பிள்ளை கண்ணை மூடிக் குறி போட்டாலே 3, 4 சரியாக வந்துவிடும். உங்கள் மகள் வாங்கியது 5. ராத்திரிக்கு 200 தடவை எழுதியதற்குக் கிடைத்த கூலி ஒன்றோ ஒன்றரையோ மார்க்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் அவளுக்குத் தெரியாமல் பின்னால் நின்று அவள் எழுதுவதைப் பாருங்கள். முதல் தடவை புத்தகத்தைப் பார்த்து எழுதுவாள். இரண்டாம் தடவையிலிருந்து மேல் வரியைப் பார்த்து எழுதுவாள். அலுப்புத் தட்டினால் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவாள். அது வார்த்தை படிப்பதில்லை, கோலத்துக்குப் புள்ளி வைப்பது. முதல் வரியில் ஒரு எழுத்துப் பிசகியிருந்தால் பத்து வரியிலும் அதே பிசகு. மேலும், வரிசையாகப் படித்த வார்த்தை வரிசையில்தான் ஞாபகம் வரும். பரீட்சையில் அது ஒரு வாக்கியத்துக்குள் அடிக்கோட்டோடு ஒற்றையாக வந்து நிற்கும்போது பிள்ளைக்கு அடையாளம் தெரியாது.

ஞாபகம் என்பது திரும்பத் திரும்பப் பார்ப்பதால் நிற்பதில்லை. பார்க்காமல் உள்ளேயிருந்து எடுக்கத் திணறினால்தான் நிற்கும். யாராவது கேட்டால்தான் அந்தத் திணறல் வரும். மச்சில் யார் இருக்கிறார்கள் கேட்க?

இனிச் செய்ய வேண்டியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் வார்த்தை. இரண்டாவதில் பாடத்தில் அந்த வார்த்தை வருகிற வாக்கியம், முழுசாக. மூன்றாவதில் தமிழ் அர்த்தம், அதன் கீழே அதே பொருள் தரும் இங்கிலீஷ் சொல் ஒன்று, எதிர்ச்சொல் ஒன்று. ஒரு நாளைக்கு 20 வேண்டாம், 7 போதும். உரைநடைப் பாடம் 7. பாடத்துக்கு 25 வார்த்தை என்று வைத்துக்கொண்டால் 175. நாளுக்கு 7 வீதம் 25 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

எழுதுவது ஒரே தடவைதான். சாயங்காலம் தார்சாவில் ஆச்சிக்கு எதிரில் உட்கார்ந்து, மூன்றாவது பத்தியை ஸ்கேலால் மூடிக்கொண்டு வாக்கியத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆச்சி, ‘அப்படின்னா?’ என்பார்கள். மகள் ஆச்சிக்கு விளங்குகிற தமிழில் சொல்ல வேண்டும். கைடில் இருக்கிற தமிழ் செல்லாது. ‘டிவவர்’ என்ற சொல் முதல் பாடத்தில், பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சின் கதையில் வருகிறது. அதற்கு ‘பேராவலுடன் உட்கொள்ளுதல்’ என்றால் ஆச்சி இன்னொரு தடவை ‘அப்படின்னா?’ என்பார்கள். ‘லபக்குன்னு முழுங்குறது ஆச்சி’ என்றால் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல்தான் டிக் மார்க்.

அதே பாடத்தில் ‘மஸ்டர்’ என்று ஒரு வார்த்தை. தைரியத்தோடு சேர்ந்து வரும். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் திணறுகிற வார்த்தை இது. நூறு நாள் வேலைக்குப் போன ஆச்சி என்றால் அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். மஸ்டர் ரோல் என்றால் என்ன? வேலைக்குத் திரண்ட ஆட்களின் பெயரைப் பதிகிற ஏடு. அதே மஸ்டர்தான் இது. அங்கே ஆளைத் திரட்டுவது, இங்கே தைரியத்தைத் திரட்டுவது. ‘ரிஜெக்ட்’ வந்தால் கடையில் கழித்துப் போடுகிற பீடியைச் சொன்னால் போதும். எதிர்ச்சொல் ‘அக்செப்ட்’, கழிக்காமல் எடுத்துக்கொள்வது. இப்படிக் கட்டிப்போட்ட வார்த்தை பரீட்சை முடிந்தாலும் அவிழாது.

ஏழும் முடிந்ததும் தூக்கி வைத்துவிடக் கூடாது. இதே ஏழு வார்த்தையையும் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று நாலு தடவை மறுபடி கேட்க வேண்டும். தப்பினால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அந்த வார்த்தையை மறுநாள் புது வார்த்தைகளோடு சேர்த்துவிட வேண்டும். பழக்கம் பிடித்த பிறகு ஒரு நாளைக்குப் புதுசு 7, பழசு 28, ஆக 35 வரும். வார்த்தைக்கு முக்கால் நிமிஷம் வைத்தாலும் 26 நிமிஷம்தான். பத்து மணி வரை கண்விழிக்க வேண்டியதில்லை.

இனி மிச்சமுள்ள 8 கேள்விகள். பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கெழுத்தின் விரிவு, பிரேசல் வெர்ப், கூட்டுச்சொல், பிரிபொசிஷன், டென்ஸ், இணைப்புச் சொல். சுருக்கெழுத்தும் பன்மையும் நேரே மனப்பாடம், அதற்கு வழி தேட வேண்டாம். முன்னொட்டுக்கு ஒரு பிடி உண்டு. ‘எல்’ எழுத்துக்கு முன்னால் ‘இல்’, ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் ‘இர்’, ‘பி’க்கும் ‘எம்’முக்கும் முன்னால் ‘இம்’. இல்லீகல், இர்ரெகுலர், இம்பாசிபிள். ‘அன்லக்கி’, ‘அன்ரியல்’ மாதிரி இதற்கு அடங்காததும் உண்டு, அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். ‘எ’யா ‘ஆன்’னா என்பதற்கு எழுத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்க வேண்டும். யூனிவர்சிட்டி ‘யூ’ என்ற சத்தத்தில் தொடங்குகிறது, அதனால் ‘எ’. ஹானஸ்ட்டில் ‘ஹெச்’ எழுத்து ஊமை, அதனால் ‘ஆன்’.

பிரிபொசிஷன்தான் தமிழ்ப் பிள்ளைகளைக் கவிழ்க்கிற இடம். காரணம் நம் வேற்றுமை உருபு. ‘திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தேன்’ என்று மனசு சொல்லும். அந்தக் ‘கு’ கையைப் பிடித்து இழுத்து ‘ரீச்டு டு திருநெல்வேலி’ என்று எழுத வைக்கும். ரீச்சுக்குப் பிறகு ‘டு’ கிடையாது. ‘வீட்டுக்குப் போனேன்’ என்பதிலும் அதே கதைதான், ‘வென்ட் ஹோம்’ மட்டும். ‘அதைப் பத்திப் பேசினோம்’ என்பதில் உள்ள ‘பத்தி’ வந்து ‘டிஸ்கஸ்டு அபவுட்’ ஆகும். டிஸ்கஸ்ஸுக்கு ‘அபவுட்’ வேண்டாம். ‘என்னைவிட மூத்தவர்’ என்பதில் உள்ள ‘விட’ வந்து ‘சீனியர் தேன்’ ஆகும். சீனியருக்கு ‘டு’தான். இந்த நாலையும் ஒரு பக்கத்தில் எழுதி, தமிழ் உருபின் மேல் சிவப்பு மையில் வட்டம் போடச் சொல்லுங்கள். பிழை கண்டுபிடித்துத் திருத்தும் 5 மார்க் கேள்வியிலும் இதே ரகம்தான் வரும்.

தமிழ் உதவுகிற இடமும் இருக்கிறது. ‘திங்கக்கிழமையிலிருந்து காய்ச்சல்’ என்றால் ‘சின்ஸ்’. ‘மூணு நாளாக் காய்ச்சல்’ என்றால் ‘ஃபார்’. ‘இருந்து’ கேட்டால் சின்ஸ், ‘ஆ’ கேட்டால் ஃபார். இதை ஆச்சியே பரிசோதிக்கலாம். தெருவில் யாருக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பிரேசல் வெர்ப்பை நோட்டில் படிக்கக் கூடாது, அடுப்பங்கரையில் படிக்க வேண்டும். அடுப்பை அணைப்பது ‘புட் அவுட்’, நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போடுவது ‘புட் ஆஃப்’, சகித்துக்கொள்வது ‘புட் அப் வித்’. ‘லுக்’ குடும்பம் ஒன்று இருக்கிறது. தேடுவது ‘லுக் ஃபார்’, பார்த்துக்கொள்வது ‘லுக் ஆஃப்டர்’, இளக்காரமாகப் பார்ப்பது ‘லுக் டவுன் அபான்’. கடைசி ரெண்டுக்கும் உதாரணம் தேட உங்கள் மகள் வெளியே போக வேண்டியதில்லை. தன்னை யார் பார்த்துக்கொண்டார்கள், அவர்களை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று மச்சுப்படியில் நின்று பார்த்தாலே போதும்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பீடி சுற்றிப் பிள்ளையை வளர்த்த ஒரு தாய்க்குப் பேத்தி படிக்கிற வார்த்தையின் அர்த்தம் தெரிய ஆசை. அதைக் கேட்கக் கூடாது என்று ஒரு வீட்டில் சட்டம் வருகிறதென்றால் அங்கே படிப்பு ஏறவில்லை, மரியாதை இறங்கியிருக்கிறது. ‘ஆச்சிக்கு ஒண்ணும் தெரியாது’ என்று பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், வாயைத் திறக்காமலே. எட்டாவது படித்த உங்களையும் அவள் நாளைக்கு அந்தக் கணக்கில்தான் வைப்பாள்.

நீங்களும் தப்பிக்க முடியாது. எழுத்துக்கூட்டத் தெரியும் என்கிறீர்கள். அது போதும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நோட்டை நீங்கள் பிடித்துக்கொண்டு, அவளை ஸ்பெல்லிங் சொல்லச் சொல்லி எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். குறிப்பாகச் சத்தம் ஒன்றுபோல் இருக்கும் ஜோடிகள். ‘அடாப்ட்’டில் நடுவில் ‘ஏ’ வந்தால் சூழலுக்குப் பழகிக்கொள்வது, ‘ஓ’ வந்தால் தத்தெடுப்பது. ‘டி’க்கு முன்னால் ‘இ’ வந்தால் ‘க்வயட்’, அமைதி. ‘டி’க்குப் பின்னால் ‘இ’ போனால் ‘க்வைட்’, ரொம்ப. உச்சரிப்பு உங்களுக்கு வராவிட்டால் பரவாயில்லை, இதில் கண்ணுக்குத்தான் வேலை.

பரீட்சை அறையில் ஒரு விஷயம். எழுதத் தொடங்கும் முன் தாளை வாசிக்கத் தரும் 10 நிமிஷத்தில் முதல் ஆறு கேள்வியின் தலைப்பை வாசித்து, எது வரை ஒத்த சொல், எங்கிருந்து எதிர்ச்சொல் என்று மனசில் கோடு கிழித்துக்கொள்ளட்டும். எதிர்ச்சொல் கேட்ட இடத்தில் கொடுக்கிற நாலு விடையில் ஒத்த சொல்லும் ஒன்று உட்கார்ந்திருக்கும். அர்த்தம் தெரிந்த பிள்ளைதான் அதில் விழும், தெரியாத பிள்ளை விழாது. காலாண்டுத் தாளை எடுத்து, போன 9-ல் எத்தனை இப்படிப் போனது என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பரீட்சை முடிந்த பிறகு. டியூஷனை நிறுத்துவதா என்பது அந்த ஆசிரியர் வாக்கியத்தில் வைத்துக் கேட்கிறாரா, பட்டியல் கொடுத்து எழுதச் சொல்கிறாரா என்பதைப் பொறுத்தது. பட்டியல் என்றால் நிறுத்திவிடுங்கள்.

முதல் மூன்று நாள் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஏழில் மூன்றோ நாலோதான் வரும், ‘மச்சுல நல்லாப் படிச்சேன்’ என்பாள். விட்டுக் கொடுக்க வேண்டாம். மேசையைக் கீழே இறக்குவதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் போய், ‘இனி நீங்கதான் கேக்கணும்மா’ என்று நீங்களே வாயால் சொல்லுங்கள், மகளை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். அரையாண்டுத் தாள் கைக்கு வந்ததும் ஒரு கார்டு போடுங்கள். மொத்த மார்க் எனக்கு வேண்டாம். அந்த 14-ல் எத்தனை, அதை மட்டும் எழுதுங்கள்.