வெத்தலை போடாமலே ஆயா வாய் மென்னுக்கிட்டு இருக்காக, வாந்தி மாத்திரைதான் காரணமா டாக்டர்?

கேள்வி: தேவகோட்டையிலருந்து எழுதுறேன் டாக்டர். எங்க ஆயாவுக்கு 74 வயசு, 20 வருஷமா சுகர். சாப்பிட்டா குமட்டுதுன்னாக, மெடிக்கல்ல கேட்டதுக்கு மெட்டோகுளோபிரமைடு 10 எம்ஜி குடுத்தாக, நல்லா கேட்டுச்சு, அப்படியே அஞ்சு மாசமா தினம் மூணு வேளை ஓடுது. இப்ப ரெண்டு வாரமா வெத்தலை போடாமலே வாய் மென்னுக்கிட்டு இருக்காக, கையும் லேசா நடுங்குது. வயசானா அப்படித்தான்னு வீட்ல சொல்றாக. இதை மாத்தி ஓண்டான்செட்ரான் குடுக்கலாமா? ஆனா கொடைக்கானல் போறப்ப என் 8 வயசு பையனுக்கு அதைக் குடுத்தும் பஸ்ல வாந்தி நிக்கலையே.

பதில்: முதல்ல ஆயாவைப் பாப்போம்மா. நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எழுதுனதப் படிச்சதும் எனக்கு அவுகளோட வயசு மேல சந்தேகம் வரல, அந்த மாத்திரை அட்டை மேலதான் வந்துச்சு.

மூளையோட அடிப்பக்கம் ஒரு சின்ன இடம் இருக்கு, ரத்தத்துல ஆகாதது ஏதாச்சும் கலந்தா மோப்பம் புடிச்சு வாந்தியைக் கெளப்பி விடுறது அதுதான். அங்க டோபமின்ங்கற சரக்கு வேலை செய்யாம தடுத்துதான் மெட்டோகுளோபிரமைடு குமட்டலை அடக்குது. சிக்கல் என்னன்னா இந்த மாத்திரை அங்கயே நிக்காது, மூளைக்குள்ளயும் போயி கை கால் அசைவப் பாத்துக்கிற இடத்துலயும் டோபமினைத் தடுத்துரும். அதனாலதான் நடுக்கம், நடை மெதுவாகுறது எல்லாம். வாய் மெல்லுறது, சப்புக் கொட்டுறது, நாக்க நீட்டுறது இருக்கே, அதுக்கு டார்டிவ் டிஸ்கைனீசியான்னு பேரு, வயசானவுக, பொம்பளைக, சுகர் உள்ளவுக இவுங்களுக்கு வர வாய்ப்பு கூடுதல், உங்க ஆயா மூணுலயும் வர்றாக. அமெரிக்காவுல 2009லயே இதுக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை குடுத்து, 12 வாரத்துக்கு மேல வேணாம்னாங்க, ஐரோப்பாவுல 2013ல அஞ்சே நாள்னு சுருக்கிட்டாங்க. இங்க அஞ்சு மாசம்!

தள்ளிப் போடாம நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, மாத்திரை பேரையும் எத்தனை மாசம்னும் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. ஏன்னா சொல்லாம விட்டா நடுக்கத்தைப் பாத்துட்டு பார்க்கின்சன்ங்கற நடுக்க வியாதிக்கான மாத்திரை எழுதிருவாங்க, மாத்திரைக்கு மாத்திரைன்னு போயிரும், நானே இந்த மாதிரி ரெண்டு மூணு பேரப் பாத்திருக்கேன். மாத்திரையை நிறுத்துனா நடுக்கம் பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல அடங்கிரும், வாய் மெல்லுறது சில பேருக்கு அப்படியே தங்கிரும், அதான் அவசரப்படுத்துறேன்.

போறப்ப வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரைன்னு ஒண்ணு போடுவாகளே, பல பிராண்டுல அதுக்குள்ளயே டோம்பெரிடோன் சேந்திருக்கும், அட்டைக்குப் பின்னாடி படிச்சாத் தெரியும். அதுவும் வாந்தி மருந்துதான், மூளைக்குள்ள அவ்வளவா போகாது, நடுக்கம் கம்மி, ஆனா 60 வயசுக்கு மேல இதயத் துடிப்பைக் கெடுக்கலாம், அதையும் மாசக்கணக்குல ஓட்டக் கூடாது.

அதெல்லாம் சரி, ஆயாவுக்குக் குமட்டல் ஏன் வந்துச்சுன்னு இன்னும் யாருமே பாக்கலையே. சுகருக்குப் போடுற மெட்ஃபார்மினை வெறும் வயித்துல போட்டாலே குமட்டும், சாப்பாட்டோட போடச் சொல்லுங்க. ரொம்ப வருஷ சுகர்ல இரைப்பை மந்தமாகி காலையில தின்ன இட்லி சாயங்காலம் வரை அப்படியே கெடக்கும், இல்லன்னா கிட்னி சுணங்கியிருக்கலாம், அதுக்கு ரத்தத்துல கிரியாட்டினின் டெஸ்ட் கட்டாயம் பாருங்க. கிட்னி சரியில்லன்னா இந்த மெட்டோகுளோபிரமைடே உடம்புல தேங்கி இன்னும் படுத்தும்.

ஓண்டான்செட்ரான் கை நடுக்கம் அவ்வளவா தராது, உண்மைதான். கேன்சருக்குக் குடுக்குற கீமோவால வர்ற வாந்திக்கு, ஆபரேஷன் முடிஞ்சு வர்ற வாந்திக்கு, பிள்ளைகளுக்கு வாந்தி பேதின்னா நல்ல மருந்து, குடல்ல சுரக்கிற செரட்டோனின் வாந்தி எடுக்கச் சொல்லி மூளைக்குக் குடுக்குற சேதியை அது மறிக்குது. ஆனா மலச்சிக்கல் குடுக்கும், ஹார்ட் பிரச்சனை இருந்தா ஈசிஜி பாக்கணும், அதனால நீங்களா ஆயாவுக்கு ஆரம்பிக்காதீங்க.

பஸ் வாந்தி வேற ரகம். கொண்டை ஊசி வளைவுல உள்காது ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு சொல்லும், அந்தக் குழப்பத்துல வர்றது, அங்க செரட்டோனினுக்கு வேலை இல்ல, பையனுக்குக் கேக்காததுல ஆச்சரியமே இல்ல. அதுக்கு புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் மாதிரி அலர்ஜி மாத்திரை வகைதான், அளவு எடைக்குத் தக்கன டாக்டர் சொல்லணும், மலை ஏறுறப்ப இல்ல, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், தூக்கம் சொக்கும். ரெண்டு வயசுக்குள்ள பிள்ளைக்கு புரோமெத்தசின் கூடவே கூடாது. கிளம்புற அன்னைக்கு கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம்னு எண்ணெய்ப் பலகாரமா குடுக்காம, முன் சீட்ல உக்கார வச்சு, போனைப் புடுங்கி வச்சுட்டு ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும், ஆயாவுக்கு என்னைக்காவது வாந்தியோட வேர்த்துக் கொட்டுச்சுன்னாலோ, காப்பித்தூள் கலர்ல வாந்தி வந்தாலோ எந்த மாத்திரையும் வேணாம். சுகர் உள்ளவுகளுக்கு ஹார்ட் அட்டாக் நெஞ்சு வலியே இல்லாம வெறும் குமட்டலும் வேர்வையுமாவும் வரும். சோடா குடுத்துப் பாப்போம்னு உக்காந்திருக்காம ராத்திரி எந்நேரமானாலும் 108க்குப் போன் பண்ணிருங்க.