விண்டோஸ் 7 கணினியில் அப்டேட் ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் டிடிபி கடையில் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் ஓடுகிற விண்டோஸ் 7 கணினி ஒன்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் புது எஸ்எஸ்டி போட்டு, பழைய டிவிடியை வைத்தே மறுபடி விண்டோஸ் ஏற்றினோம். இப்போது அப்டேட் தேடினால் 80072இஎஃப்இ என்ற பிழை எண் வருகிறது. வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டால் "இந்தக் கணினிக்குப் பொருந்தாது" என்கிறது. வழி உண்டா?

பதில்:

வழி உண்டு. உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. மறுபடி மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டாம். அந்த டிவிடியிலிருந்து எத்தனை முறை ஏற்றினாலும் இதே பிழைதான் வரும். அச்சகங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்த ஒரு பிழைக்காக "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லி அனுப்பப்பட்ட நல்ல கணினிகள் என்னிடம் வந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காரணம் தெரிந்தால்தான் வரிசை புரியும். மைக்ரோசாஃப்ட் அனுப்பும் ஒவ்வொரு அப்டேட் கோப்பிலும் டிஜிட்டல் கையெழுத்து ஒன்று இருக்கும். அது உண்மையானதா என்று விண்டோஸ் சரிபார்த்த பிறகுதான் கோப்பை உள்ளே விடும். 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது அந்தக் கையெழுத்துக்கு ஷா-1 என்ற கணக்கு முறை போதுமானதாக இருந்தது. 2017 பிப்ரவரியில், இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே ஷா-1 மதிப்பு வரும்படி செய்ய முடியும் என்று கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஒரு ஆய்வு நிலையமும் சேர்ந்து செய்தே காட்டிவிட்டன. அதாவது, போலிக் கையெழுத்து போட வழி திறந்துவிட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்களை ஷா-2 முறைக்கு மாற்றியது. 2020 ஆகஸ்டில், ஷா-1 மட்டுமே தெரிந்த பழைய கணினிகள் தொடர்புகொள்ளும் சர்வர் முகவரிகளையும் மூடிவிட்டது.

உங்கள் டிவிடிக்கு இது எதுவும் தெரியாது. இப்போது இல்லாத முகவரியை அது போய்த் தட்டுகிறது, இணைப்பு பாதியில் அறுகிறது. 80072இஎஃப்இ என்பதன் பொருள் அவ்வளவுதான். ஷா-2 முறையைச் சொல்லிக் கொடுக்கும் அப்டேட் உள்ளே போனால்தான் சர்வர் பேசும். சர்வர் பேசினால்தான் அந்த அப்டேட் தானாக வரும். இந்தச் சிக்கலை நாம் கையால்தான் அவிழ்க்க வேண்டும்.

கோப்புகளை இறக்குவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, தேதி. பழைய மதர்போர்டில் சிமோஸ் பேட்டரி தீர்ந்திருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் எல்லாமே "இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்" என்ற கணக்கில் இருப்பவை. கணினி 2009-இல் நின்றுகொண்டிருந்தால் எந்தச் சான்றிதழும் அதற்குச் செல்லாது. சிஆர்2032 என்று கேட்டால் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றிவிட்டு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள்.

இரண்டு, சர்வீஸ் பேக் 1, அதாவது விண்டோஸ் 7-க்கு வந்த பெரிய அப்டேட் தொகுப்பு. கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் தெரியும். சர்வீஸ் பேக் 1 என்ற வரி அங்கே இல்லை என்றால், கீழே நான் சொல்லப்போகிற எதுவும் ஏறாது. உங்களுக்கு வந்த "பொருந்தாது" என்ற பதிலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். 2009 டிவிடியில் அது இல்லை, 2011-இல்தான் வந்தது. கேபி 976932 என்பது அதன் எண் (மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இப்படி ஒரு கேபி எண் கொடுக்கும்). அதைப் போட்டு முடித்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மூன்று, அதே பக்கத்தில் 32 பிட்டா 64 பிட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான கோப்பு மற்றதில் ஏறாது. அப்போதும் இதே "பொருந்தாது" செய்திதான் வரும். அப்டேட் கோப்புகளைத் தனித்தனியாக இறக்க உதவும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் ஒரு எண்ணைத் தேடினால் விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2, எம்பெடட் என்று நிறைய வரிகள் வரும். பெயர்களெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாற்றி இறக்கிவிட வாய்ப்பு அதிகம். வரி முழுவதையும் படித்துவிட்டு இறக்குங்கள்.

இனி வரிசை. வேறு கணினியில் கேட்டலாக் தளத்தைத் திறந்து கேபி 4490628, கேபி 4474419 இரண்டையும் இறக்குங்கள். முதலாவது, அப்டேட்களை ஏற்றும் பொறியையே புதுப்பிக்கிறது. இரண்டாவது, ஷா-2 கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. முதலில் 4490628, ரீஸ்டார்ட், அப்புறம் 4474419, மறுபடி ரீஸ்டார்ட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். போடும்போது நெட் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பின்னணியில் விண்டோஸ் தானாகவே அப்டேட் தேட ஆரம்பித்துவிடும். நீங்கள் போட்ட கோப்பு அந்தத் தேடல் முடிவதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும்.

இரண்டும் ஏறிய பிறகும் அதே எண் வந்தால் கேபி 3138612 போடுங்கள். அப்டேட் தேடுகிற நிரலின் 2016 பதிப்பு அது. பெரும்பாலும் இதோடு பிழை போய், அப்டேட் தேடல் ஓட ஆரம்பித்துவிடும்.

அடுத்த தொல்லை, "செக்கிங் ஃபார் அப்டேட்ஸ்" என்று பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருப்பது. 2 ஜிபி ராம் உள்ள கணினியில் இது மணிக்கணக்கில் நீளும், ஃபேன் சத்தம் போடும், மவுஸ்கூட நகராது. அது தொங்கிவிடவில்லை. ஆயிரக்கணக்கான அப்டேட்களில் எது எதற்குப் பதில் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்பீடு பழைய நிரலில் மிக மந்தம். தானாகத் தேட வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, கேபி 3020369 போட்டு, அதன் பிறகு கேபி 3172605 போடுங்கள். 2016 ஜூலையில் வந்த இந்தத் தொகுப்பு அந்த மந்தத்தைச் சரி செய்கிறது. அதோடு கேபி 3125574 என்ற பெரிய தொகுப்பையும் போட்டால், சர்வீஸ் பேக் 1 முதல் 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பகுதி ஒரே அடியில் ஏறிவிடும். அதற்கும் கேபி 3020369 முதலில் இருக்க வேண்டும். ஒன்றொன்றாக நூற்றுக்கணக்கில் இறக்கிக்கொண்டிருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

வேறு எண்கள் வந்தால்: 80092004 என்றால் ஷா-2 அப்டேட் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம், மேலே சொன்ன வரிசைக்குத் திரும்புங்கள். 80070002 என்றால் அப்டேட்டுக்குத் தேவையான கோப்பு ஏதோ காணவில்லை என்று அர்த்தம். சர்வீசஸ் பக்கத்தில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றி, சர்வீசை மறுபடி ஓட விடுங்கள். புது ஃபோல்டர் தானாக வந்துவிடும். 80073712 என்றால் விண்டோஸின் உள் கோப்புகளே சிதைந்திருக்கின்றன. அதைச் சீராக்க கேபி 947821 என்ற கருவி உண்டு. ஆனால் புதிதாக ஏற்றிய கணினியிலேயே இந்த எண் வந்தால் நான் முதலில் ராமையும் டிவிடியையும்தான் சந்தேகப்படுவேன்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு இலவச அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று வந்த கேபி 4534310 தான் பொதுவாக எல்லோருக்கும் வந்த கடைசி மாதத் தொகுப்பு. அதன் பிறகு 2023 ஜனவரி 10 வரை வந்தவை, பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும். கேட்டலாக்கில் அவையும் கண்ணில் படும், இறக்கவும் முடியும். ஆனால் உரிமம் இல்லாத கணினியில் போட்டால் ரீஸ்டார்ட் ஆகும்போது "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று சொல்லிப் பழைய நிலைக்கே போய்விடும். எத்தனை முறை முயன்றாலும் அதேதான். 2020 பிப்ரவரி முதலான தொகுப்புகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

4534310 போட்ட பிறகு வால்பேப்பர் கருப்பாகிவிட்டால் பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. படத்தை ஸ்ட்ரெச் என்ற முறையில் வைத்திருந்தால் அந்தத் தொகுப்பு அப்படிச் செய்கிறது. கேபி 4539602 அதைச் சரி செய்யும். ஆதரவு முடிந்த பிறகும் மைக்ரோசாஃப்ட் இதை எல்லோருக்கும் கொடுத்தது.

"நாங்கள் நெட்டே போட மாட்டோம், பிறகு எதற்கு இவ்வளவு பாடு?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். இதற்கு என்னிடம் ஒரே பதில்தான். 2017 மே 12 அன்று கிளம்பிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், மெயிலைத் திறந்தால்தான் வரும் என்ற ரகம் இல்லை. ஃபோல்டர் ஷேர் செய்யும் வழியில் இருந்த ஓட்டை வழியாக, ஒரே நெட்வொர்க்கில் இருந்த கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. அதில் மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச் 14 அன்று வந்திருந்தது. உங்கள் பேஜ்மேக்கர் கணினியில் நெட் இல்லாவிட்டாலும், பக்கத்து மேஜைக் கணினியோடு ஒரே ஸ்விட்சில் கோத்திருந்தால் ஆபத்து அதன் வழியாக வரலாம். 2020 ஜனவரி வரையிலான அப்டேட்களை ஏற்றிவிட்டால் அந்த வாசலாவது அடைபடும். ஒரு கடையின் பத்து வருஷக் கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், பில் புத்தகக் கோப்புகள் மொத்தமும் ஒரே டிரைவில் கிடக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

அப்டேட் வேலை முடிந்ததும் அந்தக் கணினியை இணையத்திலிருந்து வெட்டிவிடுங்கள். கேபிளைக் கழற்ற முடியாது, பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கிறது என்றால், ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, டீஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். பிரிண்டரோடு பேசும், வெளியே போகாது. மெயில், வாட்ஸ்அப் வெப், பேங்க் எல்லாம் வேறு கணினியில்தான். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109, அது 2023 ஜனவரியில் வந்தது. கட்டாயம் ஏதாவது தளம் திறந்தாக வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் பரவாயில்லை. சான்றிதழ்ப் பட்டியலை அது விண்டோஸிடம் கேட்காமல் தானே வைத்திருப்பதால், மற்ற உலாவிகளில் சான்றிதழ் பிழை காட்டும் தளங்கள் இதில் திறக்கும். பணம் சம்பந்தப்பட்ட எதையும் அதிலும் செய்ய வேண்டாம்.

தேடும்போது "ஒரே கிளிக்கில் விண்டோஸ் 7 அப்டேட்", "எல்லா டிரைவரும் தானாக" என்று வரும் நிரல்களைத் தொடாதீர்கள். அப்டேட் எல்லாம் கலந்தே தருகிறோம் என்று யாரோ செய்து டெலிகிராமில் போடும் ஐஎஸ்ஓ கோப்புகளும் (விண்டோஸ் டிவிடியின் நகல்கள்) வேண்டாம். உள்ளே வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் கேட்டலாக் தளத்தில் தேட வேண்டியவை, காசு எதுவும் இல்லை.

புதுக் கணினிக்கு மாறிவிடுங்கள் என்று இங்கே பலர் பதில் எழுதுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-இல். அதற்கு அடுத்த பெரிய பதிப்பு வரவே இல்லை. யூனிகோட் இல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகளைப் புது மென்பொருளுக்கு மாற்றினால் கொம்பும் புள்ளியும் எங்கெங்கோ போய் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த வேலையை மெதுவாக, ஓய்வு நேரத்தில் ஆரம்பியுங்கள். அடிக்கடி மறுஅச்சுக்கு வருகிற கோப்புகளை முதலில் மாற்றுங்கள். மற்றவற்றைப் பிடிஎஃப் ஆக்கி வைத்தாலே பாதி தேவை தீர்ந்துவிடும்.

எல்லாம் ஏறி, பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் பிரிண்டர் டிரைவரும் போட்டு முடித்த அன்றே இன்னொன்றும் செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் பக்கத்தில் "கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்" என்று இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, முழு சிஸ்டத்தையும் அதில் எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே உள்ள ரிப்பேர் டிஸ்க்கையும் ஒரு சிடியில் எரித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இந்த எஸ்எஸ்டியும் போனால், டிவிடியிலிருந்து ஆரம்பித்து இந்த எண்களை எல்லாம் மறுபடி தேட வேண்டியதில்லை, அந்த இமேஜை அப்படியே புது டிஸ்க்கில் இறக்கிவிடலாம். புது டிஸ்க்கின் அளவு மட்டும் பழையதை விடக் குறைவாக இருக்கக் கூடாது.

இந்த வரிசைப்படி செய்தும் நின்றுவிட்டால், எந்த எண்ணுக்குப் பிறகு நின்றது, 32 பிட்டா 64 பிட்டா, திரையில் வந்த பிழை எண் என்ன என்ற மூன்றையும் கீழே கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.