பள்ளித் தோட்டம் கோடையில் காய்கிறதா? விதையோடு முடியுங்கள்

கேள்வி: எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடமாகக் காய்கறித் தோட்டம் போடுகிறோம். ஜூனில் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். கோடை விடுமுறையில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. மறுபடி விதை வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் சலித்துவிட்டது. கோடையில் தோட்டத்தைக் காப்பாற்ற என்ன வழி?
- ஓர் ஆசிரியை

பதில்: கோடையில் காப்பாற்றவே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆளில்லாத பள்ளியில், மே மாத வெயிலில் வெண்டைக்கும் கத்தரிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரையோ கெஞ்சிக்கொண்டிருப்பது வீண்பாடு. பள்ளி மூடும் நாளில் உங்கள் தோட்டம் விதையாகி டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். வேர் பிடித்த முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி மட்டும் மண்ணில் நிற்கட்டும்.

முதலில் விதைப் பாக்கெட்டைப் பாருங்கள். 'ஹைபிரிட்' அல்லது 'எஃப்1' என்று போட்டிருந்தால், அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. செடிக்குச் செடி காய் ஒவ்வொரு தினுசாக இருக்கும். நாட்டு விதைதான் வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பாட்டி வீட்டுப் பந்தலில் இருக்கும் அவரை நெற்றை யாராவது கொண்டுவருவார்கள்.

ஜூனில் அவசரப்பட்டுக் காய்கறி போட வேண்டாம். பாத்தியில் பசுந்தாள் உரமாகச் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மண்ணோடு மடக்கிப் புரட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் மக்கட்டும். அப்புறம் ஆடி முடிவதற்குள் அவரை, கொத்தவரை, கீரை. பந்தல் அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். அதனால் ஆடியில் போட்டது பொங்கலையொட்டிக் காய்க்கும்.

விதைக்கான வெண்டையை மட்டும் தைப் பட்டத்தில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றும் நெற்று பூசணம் பிடித்துக் கருத்துப்போகும். பொங்கல் முடிந்த கையோடு விதைத்தால் 40, 45 நாளில் பூ வரும். மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். நன்றாகக் காய்க்கிற, இலை நரம்பு மஞ்சளாகாத நாலைந்து செடிகளைப் பிள்ளைகளே பார்த்து நூல் கட்டட்டும். அந்தச் செடிகளில் காய் பறிக்கக் கூடாது. சத்துணவுக்கு மற்ற செடிகளின் காய் போதும். ஒரே ரகம் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும்.

பூத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் காய் பச்சை மாறிப் பழுப்பாகும். ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். முகடு வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, ஆளுக்கொரு நெற்றைக் கையில் கொடுத்து உரிக்கச் சொல்லுங்கள். எண்ணட்டும். ஒரு விதை ஊன்றியதற்கு ஒரு நெற்றிலேயே 40, 50 கூட இருக்கும். எத்தனை சுற்றுச்சூழல் தினப் போட்டி வைத்தாலும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. நான் பார்த்த பிள்ளைகள் எல்லாருமே இந்த இடத்தில் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

விதையை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் முழுதும் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து ஒரு வருட விதையையே நான் பூசணத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அடுப்புச் சாம்பலை ஆறவைத்துச் சலித்து, அதில் பிசறிக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடிவைத்தால் போதும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி விதையை வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். மீதியுள்ள பாட்டிலில் தங்கள் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டட்டும். ஜூனில் புதிதாக வரும் ஆறாம் வகுப்பு அந்தப் பாட்டிலைத் திறந்து, 10 விதையை ஈரத் துணியில் சுருட்டி வைக்கட்டும். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்திருந்தால், தைப் பட்டம் வரை பாட்டிலை நம்பி மூடிவைக்கலாம்.