வெள்ளரி விதையா, இடியாப்பமா? பூனை வயிற்றுப் பூச்சி பற்றிய கேள்விகள்

எங்கள் பூனை படுத்து எழுந்த இடத்தில் அரிசி போல ஏதோ கிடந்தது. சிந்திய சோறு என்று பெருக்கித் தள்ளினேன். நேற்று அதில் ஒன்று நெளிந்தது! ஆறு வாரம் முன்புதான் பூச்சி மருந்து கொடுத்தோம். மருந்து போலியா?
வாசகி, அம்மாபேட்டை

போலி இல்லை அம்மா. நீங்கள் பார்த்தது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக விழுந்தது வெள்ளரி விதை அளவில் நெளியும், காய்ந்தால் எள்ளு போலச் சுருங்கி வால் அடி மயிரில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் ஒரு முட்டைப் பை. அந்த முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் குஞ்சு தின்னும். அது வளர்ந்து பூனை மேல் ஏறும், பூனை உடம்பை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கும். மூன்று வாரத்தில் மறுபடி அரிசி! மருந்து அன்றைக்கு உள்ளே இருந்த புழுவைத்தான் கொல்லும், நாளைக்கு வருவதற்குக் காவல் நிற்காது.

இன்னொன்று, நீங்கள் கொடுத்த மருந்தின் பெயரைப் பாருங்கள். வெறும் பைபரசின் அல்லது பைரான்டெல் சிரப் என்றால் நாடாப்புழு அசையவே அசையாது. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும்.

இனி தெள்ளு. பேன் சீப்பால் முதுகை வாரி, விழும் கருப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். வீட்டில் தறி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருட்டு, நூல் தூசி, கதகதப்பு எல்லாம் இருக்கிற தறிக்குழியைவிடத் தெள்ளுக் குஞ்சுக்கு நல்ல இடம் கிடையாது. குழியைக் கூட்டி அள்ளுங்கள், பூனை படுக்கும் துணியை வெந்நீரில் துவையுங்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் வலிப்பு வந்து உயிரே போகும்.

ஐந்து வாரக் குட்டிகள் மூன்று. வயிறு மட்டும் உப்பலாக இருக்கிறது. ஒன்று இடியாப்பம் மாதிரி வாந்தி எடுத்தது. தாய்ப்பால் தவிர வேறெதுவும் குடிக்காத குட்டிக்கு எப்படிப் பூச்சி?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அந்தப் பாலில்தான் வந்தது. தாயின் உடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் பால் வழியாகக் குட்டிக்குப் போகும். அதனால்தான் மூன்றாவது வாரத்திலேயே தொடங்கி, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கச் சொல்கிறோம். பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் அதே நாளில் கொடுங்கள்.

அளவு எடையைப் பொறுத்தது. கண்ணால் பார்த்து 'அரை கிலோ இருக்கும்' என்று சொல்பவர்கள் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள். கொலுசுப் பட்டறை இருக்கிற தெருவில் தராசுக்கா பஞ்சம்? ஒரு வாசகர் வெள்ளி நிறுக்கும் தராசில் கூடையோடு குட்டியை வைத்து, கூடை எடையைக் கழித்து, கிராம் கணக்கில் எழுதிக் கொண்டுவந்தார். அவர் குறித்து வந்தது 412 கிராம். டாக்டர்களே அப்படி நிறுப்பது குறைவு! உங்கள் குட்டி வாந்தியிலேயே புழு வருகிற அளவுக்கு நிறைந்திருப்பதால், முதல் வேளை மருந்தை மருத்துவர் முன்னால் கொடுங்கள். கூட்டமாகச் செத்த புழு குடலை அடைத்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் பையனுக்குக் கொடுத்த ஆல்பெண்டசோல் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா? பூண்டு அரைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார்களே?
வாசகர், கொண்டலாம்பட்டி

இரண்டும் வேண்டாம். அது 400 மில்லிகிராம் மாத்திரை, மனிதனுக்கு அளந்தது. ஆல்பெண்டசோல் பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

எஸ்டேட்டில் வளரும் பூனை. நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் எலும்பு தெரிகிறது. மலம் தார் மாதிரி கருப்பு.
வாசகி, ஏற்காடு

கடிதத்தைப் படித்து முடித்ததும் பூனையின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்து வெண்ணெய் நிறமாக இருந்தால் அன்றைக்கே கீழே கொண்டுவாருங்கள். இது கொக்கிப்புழுவாக இருக்கலாம். குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிற புழு, கசிகிற ரத்தம் செரித்துத்தான் மலம் கருக்கிறது. காப்பிச் செடி நிழலில் எப்போதும் ஈரமாக இருக்கிற மண் அதற்கு வசதி. இளம்புழு வாய் வழியாக மட்டுமல்ல, தோலைத் துளைத்தும் ஏறும். ரத்தம் குறைந்த பூனைக்கு வெறும் மாத்திரை போதாது, சில சமயம் ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். கொண்டை ஊசி வளைவு 20 இருக்கிறது, கூடையைத் துணியால் மூடி மெதுவாக வாருங்கள்.

மருமகள் கர்ப்பம். பூனையை எங்காவது விட்டுவிடவா?
வாசகி, சூரமங்கலம்

பூனை எங்கேயும் போக வேண்டாம். நீங்கள் பயப்படுகிற டாக்ஸோபிளாஸ்மா புழுவே அல்ல, ஓர் நுண்ணுயிரி. பூச்சி மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் அது தொற்றும். தினமும் மணல் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். தோட்ட வேலையில் கையுறை, கறி நன்றாக வெந்திருக்க வேண்டும்.

உங்கள் வாசலில் வீடு கட்டக் கொட்டிய மணலைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். தெருப் பூனைகள் அதில்தான் போகும், பிள்ளைகள் அதில்தான் விளையாடுவார்கள். உருண்டைப்புழு முட்டை சில வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குழந்தை விழுங்கினால் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். ஒரு தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

வெளியே போகாத அடுக்குமாடிப் பூனைக்கும் மருந்து வேண்டுமா?
வாசகர், அஸ்தம்பட்டி

வருடம் ஒன்றிரண்டு முறை, அல்லது மலப் பரிசோதனை செய்து பார்த்து. எலி பிடிக்கிற பூனை என்றால் நான்கு முறையாவது.

மாத்திரையைக் கண்டதும் பீரோ மேல் ஏறிவிடுகிறது.
வாசகி, சேலம் கோட்டை

துண்டால் கழுத்துவரை சுற்றி, முகத்தை மேல்நோக்கித் தூக்கினால் கீழ்த்தாடை தானே தளரும். நாக்கின் அடிப்பகுதியில் மாத்திரையை விட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் நான்கைந்து மில்லி தண்ணீர், கடைவாய் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக. உலர் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். பிராசிகுவான்டெல் கடும் கசப்பு, நுரை தள்ளினால் விஷம் என்று பதற வேண்டாம். மூக்கை ஒருதரம் நக்கிக்கொண்டால் விழுங்கிவிட்டது. நக்கவில்லை என்றால் பீரோ அடியில் தேடுங்கள்.