பச்சை மூலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை காலியாகக் கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு பெரிய செடி வைக்க ஆசை. வயலின் வடிவத்தில் பெரிய இலை விடுகிற ஃபிடில் லீஃப் ஃபிக்கா, இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற மான்ஸ்டெராவா என்று இரண்டு மாதமாகக் குழப்பம். ஜன்னல் அங்கிருந்து எட்டு அடி தள்ளி இருக்கிறது. அடிக்கடி பத்து நாள் வெளியூர் போய்விடுவேன். வீட்டில் பூனையும் உண்டு.

பதில்: மான்ஸ்டெரா. உங்கள் மனசு ஃபிடில் லீஃப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் (அதைத்தானே முதலில் எழுதியிருக்கிறீர்கள்), அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபிடில் லீஃப் ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் ஒன்றுவிட்ட சொந்தம், ஆப்பிரிக்க மழைக்காடுகளில் மரமாகவே வளர்வது. அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். எட்டு அடி தள்ளி இருக்கும் மூலை நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், செடிக்கு அது அந்தி நேரம்தான். மதியம் அந்த மூலையில் நின்று சுவருக்கு ஒரு அடி முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். நிழலில் விரல்களை எண்ண முடிந்தால் ஃபிடில் லீஃபைப் பற்றி யோசிக்கலாம். மங்கலாக ஒரு திட்டு மட்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள். மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான காடுகளில் மரத்தடி நிழலில் ஆரம்பித்து, தண்டிலிருந்து விழுது விட்டு, மரத்தைப் பிடித்து ஏறுகிற கொடி, கொஞ்ச நாள் நிழல் அதற்குப் புதிதில்லை. ஆனாலும் ஜன்னலிலிருந்து நாலைந்து அடிக்குள் வைக்க முடிந்தால் இலை பெரிதாக வரும்.

என் ஃபிடில் லீஃப் கதையையும் கேளுங்கள். நன்றாக இருந்த செடியை, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஒரு வாரம் உள்ளறைக்கு மாற்றினேன். அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏழு இலை கொட்டியது. தாகமாக்கும் என்று நினைத்து நானே தினமும் தண்ணீர் ஊற்ற, அப்புறம் இலைகளின் நடுவில் பழுப்புத் திட்டு, தொட்டியைக் கவிழ்த்தால் வேர் எல்லாம் கறுத்து, அழுகிய வாடை. இடம் மாற்றினால் கோபித்துக்கொள்கிற செடி அது. கோபம் தணிகிற வரை சும்மா விட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் பயணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரிய தொட்டியில் இரண்டுமே தாங்கும். ஊரிலிருந்து வந்ததும் பாவம் பார்த்துக் குடம் குடமாக ஊற்றுவதுதான் ஆபத்து. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். தொட்டிக்கு அடியில் ஓட்டை கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மான்ஸ்டெராவில் எனக்கு இருக்கிற ஒரே புகார் இடம். ஃபிடில் லீஃப் ஒல்லியாக மேலே போகும், இது கை கால் நீட்டிப் படுக்கும். வாங்குவதற்கு முன் அந்த மூலையில் சாக்பீஸால் நாலடி அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். எரிச்சல் வந்தால் ஆரம்பத்திலேயே நார் சுற்றிய கம்பு ஒன்றை ஊன்றி விழுதுகளை அதில் கட்டிவிடுங்கள், ஓரளவு அடங்கும்.

பூனை விஷயத்தில் இரண்டுமே ஆகாது. மான்ஸ்டெரா சேம்பு இனம், கடித்தால் சேம்பில் இருக்கிற அதே கால்சியம் ஆக்சலேட் என்ற நுண்ணிய ஊசிப் படிகங்கள் வாயையும் நாக்கையும் எரிய வைக்கும். ஃபிடில் லீஃபின் பாலும் ஒத்துக்கொள்ளாது. உங்கள் பூனை இலையைக் கண்டால் மெல்லுகிற ரகம் என்றால் என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்: ஜன்னலை ஒட்டி இடம் ஒதுக்கி அரேகா பாம் என்கிற பனை வகைச் செடியை வாங்குங்கள், அது பூனைக்கு விஷமில்லை, ஆள் உயரமும் வரும்.

கேள்வி: பெரிய செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகுமாமே?

பதில்: அந்தப் பேச்சு 1989-இல் வந்த நாசா ஆய்விலிருந்து பரவியது. அதில் செடிகளைச் சிறிய மூடிய பெட்டிக்குள் வைத்துச் சோதித்தார்கள். நம் வீட்டில் கதவு இடுக்கிலும் ஜன்னலிலும் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டது. அழகுக்கு வையுங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

கேள்வி: என் மான்ஸ்டெராவில் ஒரு இலையில்கூட ஓட்டை விழவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, அது இன்னும் குட்டி. சின்ன வயதில் எல்லா இலையும் முழுசாகத்தான் வரும், ஏற்கெனவே விரிந்த இலையில் இனி ஓட்டை விழாது. வெளிச்சத்தைக் கூட்டி, பாய் சுருட்டின மாதிரி வருகிற அடுத்த குருத்துக்குக் காத்திருங்கள். அது விரியும்போது அவசரப்பட்டுக் கையால் பிரிக்க மட்டும் போகாதீர்கள், கிழிந்துவிடும்.